தங்கப் புழு டைரி

ஜூன் 11, புதன்
ஊட்டி பக்கத்துல நஞ்சநாட்டுல ஒரு தோட்டத்துல உருளைக்கிழங்குச் செடி திட்டுத்திட்டா மஞ்சளடிச்சு நிக்குதுன்னு போன். ஒரு செடிய மண்ணோட தோண்டி வாளித்தண்ணில அலசுனா வேர் பூரா குண்டூசித்தலை சைஸ்ல பொட்டு, சிலது வெள்ளை சிலது தங்க மஞ்சள். உருளைக்கிழங்கு வேர்ல கூடு கட்டுற நூற்புழு இது, ரெண்டு இனம் உண்டு. தங்கமாச்சுன்னா ராஸ்டோகியென்சிஸ். வெள்ளை மட்டும் இருந்தா எதுவும் சொல்ல முடியாது, இன்னொரு இனமான பல்லிடாவும் வெள்ளையா இருந்துதான் பழுப்பாகும். தோட்டக்காரர் "மருந்து என்ன தம்பி?"ன்னார். 1961ல ஊட்டில இந்தப் புழுவ கண்டுபிடிச்சதுல இருந்து இதே கேள்விதான்.

ஜூன் 14, சனி
நாள் பூரா காய்ஞ்ச மண்ண தண்ணில கலக்கி மிதக்குற சிஸ்ட்ட, அதாவது முட்டைக்கூட்ட, பிரஷ்ல பொறுக்குற வேலை. செத்த பொம்பளப் புழுவோட தோல்தான் அந்தக் கூடு, ஊசியால அழுத்துனா நூத்துக்கணக்குல முட்டை கொட்டும். கிழங்கு வேர்ல இருந்து கசியுற சரக்கு படுற வரைக்கும் 20 வருஷம்கூட சும்மா கிடக்குமாம். ரெண்டு போகம் கேரட் போட்டுட்டா போயிரும்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க.

ஜூன் 18, புதன்
டிஎன்ஏ எடுக்கறதுதான் தலைவலி. குட்டிப்புழு அரை மில்லிமீட்டர்கூட இல்ல, ஒண்ணுல இருந்து என்னத்த எடுக்கறது, அதனால சிஸ்ட்டுகள மொத்தமா அரைக்கணும், ஆனா ஒரு பொம்பளப் புழு பல ஆம்பளைகளோட சேரும், ஒரே கூட்டுக்குள்ளயே அப்பன் வேற வேற, படிச்ச டிஎன்ஏ வரிசைய (சீக்வென்ஸ) ஒட்டவெச்சா துண்டுதுண்டா நிக்குது. 2014ல வந்த பல்லிடா ஜீனோம், அதாவது புழுவோட மொத்த டிஎன்ஏ வரிசை, சுமார் 12.5 கோடி எழுத்து, அதுவும் இப்படி துண்டாதான் இருந்துச்சு. 2016ல ராஸ்டோகியென்சிஸ், சுமார் 9.6 கோடி. அதுல எனக்குப் பிடிச்சது, வேருக்குள்ள எச்சில் விடுற ஜீன்கள் நிறையத்துக்கு முன்னாடி ஏடிஜிசிசிஏ-ன்னு ஆறெழுத்து திரும்பத் திரும்ப வருது, அத வெச்சே புது ஜீன தேடிப் பிடிக்கலாம். வேர்ச்சுவர கரைக்கிற செல்லுலேஸ் ஜீன் பாக்டீரியாகிட்ட இருந்து வந்ததாம். திருட்டுப்பய!

ஜூன் 24, செவ்வாய்
மீட்டிங்ல "பிசிஆர் (டிஎன்ஏல ஒரு சின்னத் துண்ட மட்டும் பெருக்கிப் பாக்குற டெஸ்ட்) போதாதா"ன்னு ஒரு சார். எந்த இனம்னு பிசிஆர் சொல்லிரும் சார், எந்தக் கிழங்கு ரகத்தோட எதிர்ப்ப உடைக்கும்னு சொல்லாதே. இங்கிலாந்துல புழுவ எதிர்க்கிற எச்1 ஜீன் உள்ள மாரிஸ் பைப்பர்ங்கிற கிழங்கு ரகத்த போட்டுப் போட்டு ராஸ்டோகியென்சிஸ அடக்குனாங்க, அந்த ஜீன் பல்லிடாவ தடுக்காது, அந்த கேப்ல அது பரவிருச்சு. நம்ம மலைல ரெண்டும் கலந்தே கிடக்கு. குஃப்ரி ஸ்வர்ணாங்கிற நம்மூர் கிழங்கு ரகம் ரெண்டையும் தாங்கும்னுதான் 1985ல விட்டாங்க, ஆனா இன்னிக்கு மண்ணுல இருக்கறது அன்னிக்கு இருந்த அதே புழுக்கூட்டம்தானான்னு பாக்காம விதைக்கிழங்கு சிபாரிசு பண்றதுல எனக்கு உடன்பாடில்ல. நஞ்சநாடு சாம்பிள் அடுத்த வாரம் சீக்வென்சிங் போகுது.