இணையத்தில் எதுவும் கிடைக்கவில்லை

நான் எழுதியது ஒரே ஒரு வரி. "இணையத்தில் தேடிப் பார்த்தேன், எதுவும் கிடைக்கவில்லை." அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய் இல்லை என்பதை அனுப்புவதற்கு முன் இரண்டு தடவை படித்து உறுதி செய்துகொண்டேன். இப்போது உறுத்துவது அதுதான். உள்ளதை உள்ளபடி சொல்கிறவனுக்கு அந்த இரண்டாவது தடவை எதற்கு?

2019இல் எழுதியது. நான் வேலை பார்த்த கட்டடக்கலை நிறுவனத்தைப் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியா கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில், அதாவது கட்டுரையைப் பற்றி விவாதிக்கிற பக்கத்தில், தேதி, நேரத்தோடு இன்றும் இருக்கிறது. வரலாற்றைக் காட்டு என்று அழுத்தினால் யார் எந்த நிமிடம் எந்தக் காற்புள்ளியை மாற்றினார் என்பது வரை வந்து நிற்கும். ஆபீஸ் கோப்பென்றால் கரையான் தின்றுவிட்டது என்று ஒருநாள் சொல்லிக்கொள்ளலாம். இதில் அந்த வசதி இல்லை.

விக்கி பக்கம் என் தலையில் விழுந்த கதை சின்னது. டிராயிங் ரெஜிஸ்டர், போட்டோக்கள், விருது விண்ணப்பங்கள் எல்லாம் என் பொறுப்பு. அதோடு இதையும் சேர்த்தார்கள். அதற்கு முன் பயிற்சிக்கு வந்த ஒரு பையன் ஆர்வக்கோளாறில் "புகழ்பெற்ற", "முன்னோடி", "காலத்தை வென்ற" என்று அள்ளித் தெளித்துவிட்டுப் போயிருந்தான். கட்டுரையின் தலையில், இது விளம்பரம் மாதிரி இருக்கிறது என்று எச்சரிக்கைப் பட்டை போட்டுவிட்டார்கள். ஒரு கிளையண்ட் அதைப் படித்துவிட்டு சிரித்தாராம். நிறுவனத்தின் தலைவரான சார் என்னைக் கூப்பிட்டார்.

வெளியாட்களுக்கு இது ஏன் அவ்வளவு சுட்டது என்று புரியாது. கட்டடக் கலைஞர் தன் தொழிலுக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்று 1989இல் வந்த தொழில் நடத்தை விதிகள் சொல்கின்றன. கட்டடத்தில் பெயர் போட்டுக்கொள்ளலாம், ஆனால் எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. ஆசையைப் பத்து சென்டிமீட்டரில் அடக்கி வைத்தால் அது வேறு எங்காவது பிதுங்கத்தானே செய்யும்.

விக்கிப்பீடியாவின் விதிகளைப் படித்து சாருக்கு எடுத்துச் சொன்னேன். சம்பளம் வாங்கிக்கொண்டு திருத்துகிறவர் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்று 2014இல் பயன்பாட்டு விதிகளிலேயே சேர்த்துவிட்டார்கள். 2015இல், காசு வாங்கிக்கொண்டு மறைமுகமாக எழுதிய 381 கணக்குகளை ஒரே வீச்சில் முடக்கினார்கள். அதனால் நாமாகக் கட்டுரையில் கை வைக்காமல், பேச்சுப் பக்கத்தில் "நான் இந்த நிறுவனத்தின் ஊழியன், இன்னின்ன திருத்தம் வேண்டும், ஆதாரம் இது" என்று கேட்போம். சம்பந்தமில்லாத ஒருவர் பார்த்து முடிவு செய்யட்டும் என்றேன். சார் ஒரு நிமிடம் யோசித்தார். "சரிப்பா. ஒளிச்சு எதுவும் பண்ண வேண்டாம். முறைப்படியே போ" என்றார். அவரை மோசமானவராகக் காட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

முதல் ஆறு மாதம் எனக்கு அந்த வேலை பிடித்தேபோனது. ஒரு கல்லூரி நூலகம் 48,000 சதுர அடி என்று இருந்தது. அது அந்த வளாகத்தில் நாங்கள் செய்த எல்லாக் கட்டடங்களையும் சேர்த்த கணக்கு. நூலகம் மட்டும் 31,000. அந்தக் கல்லூரி வெளியிட்ட மலரிலேயே சரியான எண் இருந்தது, கொடுத்தேன், குறைத்தார்கள். ஒரு போட்டியில் முதல் பரிசு என்று இருந்தது. உண்மையில் இறுதிச் சுற்று வரைதான் போனோம். அதையும் நானே சொல்லித் திருத்தக் கேட்டேன். ஆபீஸில் சிலர் முறைத்தார்கள். எனக்கு உள்ளூர ஒரு பெருமை. பேச்சுப் பக்கத்தில் கோரிக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்த தன்னார்வலர் ஒருவர், இவ்வளவு நேர்மையான நிறுவன ஊழியரைப் பார்த்ததில்லை என்று எழுதினார். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். இன்னும் இருக்கிறது, பார்ப்பதில்லை.

அப்புறம் அந்த மேடம் விஷயம்.

கட்டுரையின் இரண்டாவது வரி, நிறுவனத்தை 1993இல் சாரும் மேடமும் சேர்ந்து தொடங்கினார்கள் என்றது. மேடத்தின் பெயர் அங்கே இருந்தது, இங்கே வேண்டாம். வரியின் கடைசியில் "சான்று தேவை" என்ற குறிப்பு மூன்று வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மேடம் விலகி வெகுகாலம் ஆகிவிட்டது. நான் சேர்ந்த புதிதில் ஓரிரு முறை பார்த்திருக்கிறேன், பழைய டிராயிங் கேட்டு வருவார்.

சார் திரையில் அந்த வரிமேல் விரல் வைத்தார்.

"இதுக்கு ஆதாரம் இருக்கா?"

"பக்கத்தில இல்ல சார்."

"அப்ப?"

அவ்வளவுதான் பேச்சு. இதை நூறு தடவையாவது மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன். நான் சொன்னது விக்கி பக்கத்தில் இல்லை என்று. ஆனால் ஆதாரம் பக்கத்திலேயேதான் இருந்தது. சாரின் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி, நான்காவது தட்டு, பழைய இதழ்களைச் சேர்த்துத் தைத்து, பச்சை காலிகோ துணி போட்ட பவுண்ட் வால்யூம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கட்டடக்கலைப் பத்திரிகை எங்கள் முதல் வீட்டைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதியிருந்தது. தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள். இருவரும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் என்று முதல் பத்தியிலேயே இருக்கும். அந்த அலமாரிக்கு அட்டவணை போட்டவன் நான். சாருக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேருமே அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அச்சில் வந்ததும் ஆதாரம்தான், இணையத்தில் இருந்தாக வேண்டும் என்று விக்கிப்பீடியா எங்கும் சொல்வதில்லை. இதையும் எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. நூலகத்தின் சதுர அடிக்கு ஆதாரமாகக் கொடுத்த மலர் அச்சில் வந்ததுதானே.

ஆதாரமில்லாத ஏழு விஷயங்களைப் பட்டியலிட்டு, நீக்கலாமா என்று கேட்டேன். ஆறு எங்களைப் புகழ்பவை. ஏழாவது மேடம். ஆறு நல்ல காய்க்கு நடுவில் ஒரு சொத்தையை வைத்துக் கட்டுகிற காய்கறிக்காரன் வேலை என்று இப்போது தோன்றுகிறது. அன்று ஒழுங்கான பட்டியல் என்றுதான் தோன்றியது. தன்னார்வலர் ஆறையும் உடனே எடுத்துவிட்டார். ஏழாவதில் மட்டும் நின்றார். "இது நிறுவனத்தின் தொடக்கம் பற்றிய தகவலாயிற்றே. ஆதாரம் ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். நேரடியான கேள்வி, மரியாதையான கேள்வி. அவர் என்னை நம்பியதால்தான் என்னிடம் கேட்டார்.

அதற்குத்தான் அந்த வரி.

மறுநாள் நீக்கிவிட்டார். கட்டுரை சுத்தமாக, நடுநிலையாக, எச்சரிக்கைப் பட்டை இல்லாமல் நின்றது. அதில் இருந்த ஒவ்வொரு வாக்கியமும் சரி.

என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆதாரம் தர வேண்டியது தகவலைச் சேர்க்கிறவர் பொறுப்பு, கேள்வி கேட்கிறவர் பொறுப்பு அல்ல, அது விதி. சாரின் பக்கமும் ஒன்றுமில்லாதது அல்ல. "டிராயிங் போர்டுல ரெண்டு பேர் இருந்தோம்ப்பா. வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வச்சவன் ஒருத்தன்தான்" என்று ஒருமுறை வேறு ஏதோ பேச்சில் சொன்னார். தொடங்கியவர் என்றால் யார்? பணம் போட்டவரா, முதல் கோடு போட்டவரா? பதிவுக் காகிதத்தில் ஒரு பெயர்தான் இருந்தது. இப்படி இரண்டு கணக்கு இருக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் விக்கிப்பீடியாவின் நடுநிலை நோக்கு விதி வழி சொல்கிறது: பத்திரிகை இப்படிச் சொல்கிறது, நிறுவனம் இப்படிச் சொல்கிறது என்று இரண்டையும் எழுது, தீர்ப்புச் சொல்லாதே. இரண்டு வரி வேலை. சார் கோபப்பட்டிருப்பார், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பார். வேலையை விட்டு அனுப்பியிருக்க மாட்டார். அதாவது, பயத்தில் செய்தேன் என்றும் சொல்ல முடியவில்லை.

சோம்பலா? விசுவாசமா? இரண்டும் இல்லை என்று நினைக்கிறேன். அந்தத் தன்னார்வலரின் பாராட்டுக்குப் பிறகு நான் ஒருவகையில் கெட்டிக்காரனாகிவிட்டேன். விதியை மீறாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்கிற கெட்டிக்காரத்தனம். நம் ஊரில் பிளான் அப்ரூவல் வாங்குகிறவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை. சார் கல்லூரிகளுக்குப் பேசப் போகும்போது டெனிஸ் ஸ்காட் பிரவுன் என்ற கட்டடக் கலைஞர் பற்றி ஒரு ஸ்லைடு கட்டாயம் போடுவார். 1991இல் கட்டடக்கலையின் பெரிய பரிசான பிரிட்ஸ்கரை அவர் கணவர் ராபர்ட் வென்டூரிக்கு மட்டும் கொடுத்தார்கள். கூடவே உழைத்த மனைவி டெனிஸை விட்டுவிட்டார்கள். விழாவுக்கே அவர் போகவில்லை. 2013இல் ஹார்வர்ட் மாணவிகள் இருவர் கையெழுத்து இயக்கம் நடத்தியும் பரிசுக் குழு பழைய முடிவைத் திறக்க மறுத்துவிட்டது. "இதெல்லாம் நம்ம தொழிலுக்கே அவமானம்" என்று சார் உருகிப் பேசுவார். அது நடிப்பு இல்லை. அந்த ஸ்லைடைத் தயாரித்துக் கொடுத்தவனும் நான்தான். தேதிகளையெல்லாம் ஒன்றுக்கு இரண்டாகச் சரிபார்த்துக் கொடுத்தேன்.

2021இல் மேடம் போன் செய்தார்.

"தம்பி, நம்ம ஆபீஸ்ல அந்தப் பச்சை வால்யூம் இன்னும் இருக்கா? நம்ம முதல் வீடு வந்த இஸ்யூ. என்கிட்ட இருந்தது வெள்ளத்துல போச்சு. ஒரு ஸ்கேன் அனுப்ப முடியுமா?"

நம்ம ஆபீஸ். விலகி எத்தனையோ வருடம் ஆன பிறகும் அவருக்கு அது நம்ம ஆபீஸ்தான். இருக்கு மேடம், அனுப்பறேன் என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "உங்களுக்கு அது எங்க இருக்குன்னு உடனே தெரிஞ்சிருக்கே, நல்ல ஞாபகம்" என்றார். வைத்துவிட்டார்.

அந்தக் கடைசி வாக்கியம். அது வெறும் பாராட்டா, இல்லை பேச்சுப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டாரா? அங்கே என் சொந்தப் பெயர்தான் இருக்கிறது, விதிப்படி வெளிப்படையாக. சில நாள் இப்படித் தோன்றும், சில நாள் அப்படி. அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் பதிலுக்கு விதியைச் சொல்லியிருப்பேன்.

மதிய இடைவேளையில் சார் சாப்பிடப் போன நேரத்தில் ஸ்கேன் எடுத்தேன். முதல் பக்கம் முழுக்கப் போட்டோ, பக்க எண் கிடையாது. அதற்கு முந்தைய எண்ணிலிருந்து விரல் விட்டு எண்ணி, ஃபைலுக்கு மாதம், வருடம், பக்கம் 34 என்று பெயர் போட்டு அனுப்பினேன். "நன்றி தம்பி" என்று பதில் வந்தது, ஒரு கைகூப்பும் பொம்மையோடு.

நாலு மாதம் கழித்து அந்த இரண்டாவது வரி திரும்பி வந்தது. யாரோ ஒரு புதிய கணக்கு. இருவரும் சேர்ந்து தொடங்கினார்கள் என்று எழுதி, பத்திரிகையின் பெயர், மாதம், வருடம், பக்கம் 34 என்று ஆதாரம் கொடுத்திருந்தது. மேடமே எழுதினாரா, அவருடைய மாணவர்கள் யாராவது எழுதினார்களா? அவரே என்றால் அவரும் தான் யார் என்று சொல்லிவிட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும். பாருங்கள், என் புத்தி முதலில் இதைத்தான் யோசித்தது. சார் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. என்னையும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வருடம் நான் வேறு வேலைக்குப் போனேன். அதற்குக் காரணம் இது இல்லை, சம்பளம்.

போன மாதம் ஒரு கல்லூரி நூலகத்தில் அதே இதழின் பைண்டு செய்யாத பிரதியைப் பார்த்தேன். நம் பைண்டர்கள் கட்டு மெலிசாக வேண்டும் என்று விளம்பரத் தாள்களைக் கிழித்துவிட்டுத்தான் தைப்பார்கள். எங்கள் பச்சை வால்யூமிலும் ஒரு தாள் போயிருந்திருக்கிறது. அந்தக் கட்டுரை தொடங்குவது 34இல் இல்லை, 36இல்.

எண் தவறு, திருத்தவும் என்று பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி எழுதினால் போதும். எழுதியும் பார்த்தேன். முன்னாள் ஊழியன் என்று சொல்ல வேண்டும், சொல்லலாம். இந்த இதழைப் பற்றி எப்போதிலிருந்து தெரியும் என்று யாராவது கேட்டால்? யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் புதிய வரி போய் உட்காரும் இடத்துக்கு இரண்டு அங்குலம் மேலே என்னுடைய 2019 வரி இருக்கிறது, அதே பெயரில். அனுப்பாமல் மூடிவிட்டேன். இன்று காலையில் பார்த்தபோதும் 34 என்றுதான் இருந்தது.