டிட் வந்த பிறகு வென்ட் எதற்கு?

"பறித்தாள்" என்பதைப் பிரித்தால் பறி + த்த் + ஆள். செய்த வேலை, நடந்த காலம், செய்தவள் என எல்லாம் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். ஆங்கில வினை அப்படியில்லை. "ஷீ பிளக்ட்" என்னும்போது ஆள் முன்னால் தனியாக நிற்கிறாள். வினையின் வாலில் இருப்பது காலம் மட்டும்.

கேள்வி கேட்டாலோ இல்லை என்று சொன்னாலோ அந்தக் காலமும் வாலைவிட்டு இறங்கிவிடும். இலங்கையில் சாதாரண தரப் (ஓ/எல்) பரீட்சை எழுதும் பிள்ளைகள் அதிகம் வழுக்குவது இங்கேதான்.

"ஷீ வென்ட் டு ஹட்டன்." வென்ட் என்பது கோ-வும் இறந்தகாலமும் சேர்ந்தது. கேள்வியாக்கும்போது டூ என்ற துணைவினை வந்து காலத்தை வாங்கிக்கொண்டு டிட் ஆகிறது. மிச்சம் வெறும் கோ. ஆகவே "டிட் ஷீ கோ டு ஹட்டன்?" இதை "டிட் ஷீ வென்ட்" என்று எழுதினால், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒரே கொழுந்தை இரண்டு தரம் தராசில் போட்ட கணக்குதான். "டிடின்ட் வென்ட்" பிழையாவதும் இதனால்தான். "ஷீ வர்க்ஸ்" என்பதில் உள்ள எஸ்-உம் இப்படித்தான் டஸ்-உக்குப் போய்விடும்: "டஸ் ஷீ வர்க்?"

யார் போனது என்று கேட்கும்போது மட்டும் டிட் தேவையில்லை, "ஹூ வென்ட்?" போதும். அங்கே ஹூ-தான் எழுவாய். இஸ், கேன் போன்றவையும் டூ-வின் தயவை எதிர்பார்ப்பதில்லை, தாமே முன்னால் வந்துவிடும்.

கோ, வென்ட், கோன் என்று பாடமாக்குவதில் தப்பில்லை. ஆனால் எது எங்கே வரும் என்று தெரியாமல் பாடமாக்கி என்ன பயன்? டேக்-உக்கு ஐந்து வடிவம், புட்-உக்கு மூன்றே மூன்று, பீ-க்கு எட்டு. அவ்வளவுதான் பாரம்.

அடுத்தது, "போகிறேன்". தினமும் போவதற்கும் இப்போது போய்க்கொண்டிருப்பதற்கும் நமக்கு இந்த ஒரு சொல்லே போதும். ஆங்கிலத்தில் தினசரிப் பழக்கத்துக்கு "ஐ கோ", இந்த நேரத்துக்கு "ஐ ஆம் கோயிங்". "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" பிழை, ஏனென்றால் உடைமை ஒரு செயல் அல்ல. "ஐ ஆம் ஹேவிங் லன்ச்" சரி; அங்கே ஹேவ் என்றால் சாப்பிடுவது.

உச்சரிப்பில் ஒன்று. ஈடி-யில் முடியும் இறந்தகால வினைகளில் பிளக்ட், வெய்ட் (எடைபோட்டது) இரண்டையும் தமிழில் ட் போட்டே எழுதுகிறோம். தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள்: வெய்ட்-இன் கடைசி ஒலியில் அதிர்வு இருக்கும், பிளக்ட்-இல் இருக்காது. பிளான்ட் (நடு) ஏற்கெனவே ட்-இல் முடிவதால் ஓர் அசை கூடிப் பிளான்டிட் ஆகும். பிளக்ட்-ஐப் "பிளக்கெட்" என்று இழுக்க வேண்டாம்.