ஒரு வாழையில் மூன்று நார்

பூக்காரரிடம் ‘நார் குடுங்க’ என்றால் ஈரத்துணிக்குள் சுருட்டி வைத்திருக்கும் காய்ந்த பட்டைக் கீற்றைத் தருவார். கூடை, பை பின்னுகிறவரிடம் கேட்டால் நரைத்த முடி போன்ற சீவிய கற்றை வரும். அடுப்படியில் நார் என்றால் தண்டு நறுக்கும்போது விரலில் சுற்றி எறிகிற நூல். மூன்றும் வாழைநார்தான். ஆனால் ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. தார் வெட்டிய ஒரு பூவன் மரத்திலிருந்து மூன்றையும் எடுத்துப் பார்த்த குறிப்பு இது.

முதலில் பூ நார். மரத்தோடு ஒட்டியபடியே காய்ந்த வெளிப்பட்டைதான் இதற்கு வேண்டும். கீழே விழுந்து மழையில் ஊறியது உதவாது. பார்வைக்கு நன்றாக இருக்கும், முடிச்சுப் போட்டதும் அறும். பட்டையின் ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு, 10 முதல் 15 நிமிடம் தண்ணீரில் போட்டு, நகத்தால் கீறி 2, 3 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கிழிக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஊறவிட்ட கீற்று வழவழத்துப் போய் புளித்த வாடை அடித்தது. ‘பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்’ என்பார்கள். இந்த நாரோடு சேர்ந்தால் பூவும் கெடும். இந்தப் பக்கம் இரண்டு முல்லை, அந்தப் பக்கம் இரண்டு என்று வைத்துக் கட்டும்போது நார் ஈரப்பதமாக இருந்தால் போதும். காய்ந்திருந்தால் காம்பை அறுக்கிறது. தண்ணீர் சொட்டும் நாரில் போட்ட முடிச்சோ, காய்ந்ததும் தளர்ந்து பூ உதிர்கிறது.

அடுத்தது சீவிய நார். வேலையும் தவறும் இதில்தான் அதிகம்.

மரத்தை வெட்டிய அன்றோ மறுநாளோ சீவிவிட வேண்டும். தாமதித்தால் சாறு பழுத்து நார் பழுப்பேறும். வாழைக்கறை பட்ட துணி எதற்கும் தேறாது என்பதால் பழைய துணியோடு உட்காருவது நல்லது. காய்ந்த வெளிப்பட்டையை நீக்கிவிட்டு நடுப்பட்டைகளை எடுக்கவும். தண்டை ஒட்டிய வெள்ளைப் பட்டைகளில் நார் மென்மையாக இருக்கும், இழுவைக்குத் தாங்காது.

பட்டையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெளித்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவே தேன்கூடு மாதிரி காற்றறைகள் தெரியும். கயிறுக்கான நார் பெரும்பாலும் வெளித்தோலை ஒட்டித்தான் ஓடுகிறது. முதல் முயற்சியில் முழுப்பட்டையையும் அப்படியே பலகையில் வைத்துச் சீவியதில் சக்கை நாரோடு பிசைந்து ஒட்டிக்கொண்டது. காய்ந்ததும் விறைத்த பழுப்புக் குச்சியானது. இரண்டாம் முறை பட்டையை 5 சென்டிமீட்டர் அகலம், 80 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிழித்து, உள்தோலையும் காற்றறைகளையும் முதலில் உரித்து எறிந்தபின் சீவியதில் பாதி நேரம் மிச்சம்.

சீவ மொன்னைக் கத்தி போதும், அதுதான் வேண்டும். கூரான கத்தி நாரையும் சேர்த்து அறுக்கும். பளபளப்பான பக்கம் பலகையில் படும்படி வைத்து, ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு, நடுவிலிருந்து மறுநுனிக்குக் கத்தியைச் சாய்த்து அழுத்தி இழுக்கவும். பிறகு திருப்பிப் போட்டு மறுபாதி. முன்னும் பின்னும் தேய்த்தால் நார் சிக்காகிவிடும். ஏழெட்டு இழுப்பில் பச்சைச் சாறு வடிந்து வெள்ளைக் கோடுகள் தெரியும். உடனே நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிட வேண்டும். நேர் வெயிலில் போட்ட கற்றை மஞ்சளித்து மொறுமொறுத்தது. 9 கிலோ பச்சைப் பட்டைக்குக் காய்ந்த நார் கிடைத்தது ஏறக்குறைய 80 கிராம். வாழையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதால் இதில் ஆச்சரியமில்லை.

கயிறு திரிக்க இரண்டு புரி போதும். இரண்டையும் தனித்தனியே வலப்பக்கம் முறுக்கி, சேர்க்கும்போது இடப்பக்கம் முறுக்க வேண்டும். எதிர்முறுக்கு இல்லையென்றால் கையை விட்டதும் பிரிந்துவிடும். நார் தீரும் இடத்தில் புது நாரை 10 சென்டிமீட்டர் முன்னதாகவே செருகவும். இரண்டு புரியிலும் ஒரே இடத்தில் செருகியதில், தண்ணீர் வாளியைத் தூக்கியதும் சரியாக அந்த இடத்தில் அறுந்தது. கிணற்றுக்கு இந்தக் கயிறு ஆகாது; ஈரத்திலேயே கிடந்தால் மக்கும். உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறிய மட்டையிலிருந்து வரும் தேங்காய் நாரின் உறுதி வேறு. யாழ்ப்பாணத்தில் அதை நார் என்பதைவிடத் தும்பு என்பதுதான் வழக்கம்.

மூன்றாவது, தண்டு நார். வில்லை வில்லையாக நறுக்கும்போது இரண்டு வில்லைக்கு நடுவே இழுபடும் நூலை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போக வேண்டும். அதிலும் தப்பியதை எடுக்க, பொடியாக அரிந்த தண்டை மோர் கலந்த தண்ணீரில் போட்டு ஈர்க்குச்சிக் கட்டால் சுழற்றினால் நார் குச்சியில் சுருண்டு வரும். மோர் தண்டு கறுக்காமலும் பார்த்துக்கொள்ளும். இதைத் திரித்துப் பார்த்தாயிற்று: இழுத்தால் நீள்கிறது, பிறகு அறுகிறது. கயிறு இதில் வராது.

நீளவாக்கில் உரிந்து வருவது எதுவோ அது நார் என்பதுதான் பேச்சு வழக்கின் கணக்கு என்று தோன்றுகிறது. அவரைக்காயின் ஓரத்தில் எடுப்பது நார். பனைமட்டையில் உரித்துக் கட்டில் பின்னுவதும் நார். கஞ்சனிடம் காசு பெயர்ப்பது ‘கல்லில் நார் உரிப்பது’. உரிக்க முடியாத கண்ணாடி, கார்பன் எல்லாம் இழை என்று போய்விட்டன. சங்கப் பாட்டின் ‘நாரரி தேறல்’ நாரால் வடித்த கள். திருக்குறள் 833-இல் வரும் ‘நாரின்மை’க்கு அன்பில்லாமை என்று பொருள், கட்டுவது நார் என்பதால் அன்பும் நாரானது போலும்.

சிக்குப் பிடித்த முதல் கற்றையை வீணாக்கவில்லை. உருண்டையாகச் சுற்றி மண்சட்டி தேய்க்கப் போட்டாயிற்று. கடையில் விற்கும் கம்பிச் சுருளையே ‘கம்பி நார்’ என்கிற ஊரில் இதற்குப் பெயர் தேட வேண்டியதில்லை. ஒரு வாரம் தாங்குகிறது. தேய்த்ததும் பிழிந்து உதறித் தொங்கவிட வேண்டும். தொட்டியிலேயே கிடந்தால் மூன்றாம் நாள் கரும்புள்ளி விழுகிறது.