எடிட்டர் ‘சரி’ சொன்னால் போதாது

ஒரு வெளிநாட்டுப் பதிப்பகத்துக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்புக்கு ஒரு சாகசம், அதாவது ஆடுவதற்கான கதைத் திட்டம், எழுதிக் கொடுத்தேன். ஒருவழியாகப் பணமும் வந்துவிட்டது. எரிச்சல்தான் இன்னும் போகவில்லை.

கதைச் சுருக்கமும் ஒப்பந்தமும் மின்னஞ்சலிலேயே முடிந்தன. கடைசி அறையில் டிஸ்பிளேசர் பீஸ்ட் என்ற மிருகம் வரும் என்று சுருக்கத்திலேயே சொல்லியிருந்தேன். இந்த விளையாட்டை வெளியிடும் விஸார்ட்ஸ் நிறுவனம் தன் தனிச்சொத்தாக ஒதுக்கி வைத்த பெயர்களில் அதுவும் ஒன்று. 2023 ஜனவரியில் எஸ்.ஆர்.டி. 5.1 என்ற அடிப்படை விதித் தொகுப்பு, யாரும் எடுத்தாளக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு வந்தபோதும் அந்த மிருகத்தின் ஆட்ட விவரம் அதில் இல்லை. அதனால் அனுமதி இருக்கிறதா என்று எடிட்டரிடம் கேட்டேன். “இருக்கிறது, எழுதுங்கள்” என்று பதில் வந்தது.

முழுப் பிரதி போன பிறகுதான் டெவலப்பர் என்று இன்னொருவர் இருப்பதே தெரிந்தது. அங்கே எடிட்டர் பார்ப்பது மொழியை மட்டும். விதிகள், சமநிலை, உரிமம் எல்லாம் டெவலப்பர் பொறுப்பு. கடைசி அறை முழுவதும் சிவப்புக் கோடு. ஓரத்தில், “இது நம்முடையதில்லை. யார் அனுமதித்தது?” எடிட்டரின் பழைய மின்னஞ்சலை அப்படியே அனுப்பி வைத்தேன். மன்னிப்பு வரவில்லை, புதுக் கெடு வந்தது.

அடுத்தது சோதனை ஆட்டம். ஓகர் என்ற அரக்கன் ஒரே அடியில் ஆட்டக்காரரின் மந்திரவாதியைக் கொன்றுவிட்டதாம், கடுமையைக் குறைக்க வேண்டுமாம். ஓகரின் ஓர் அடி சராசரியாக 13 உயிர்ப்புள்ளிகளைக் குறைக்கும். அவர்கள் ஆடியதோ முதல் லெவல் பாத்திரங்களோடு. முதல் லெவல் மந்திரவாதி எப்படித் தாங்குவார்? சாகசம் மூன்றாம் லெவலுக்கு என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறதே! பக்க எண்ணோடு பதில் போட்டேன். மறுபடி ஆடிப் பார்த்தார்கள், ஓகர் மாற்றமில்லாமல் தப்பியது.

டிஸ்பிளேசர் பீஸ்டுக்குப் பதிலாக, வறண்ட கிணற்றில் எதிரொலியைத் தின்று வாழும் ஒரு பிராணியை உருவாக்கினேன். பழையதைவிட நன்றாக இருக்கிறது என்று டெவலப்பரே எழுதினார். ஆனால் ஒப்பந்தப்படி அந்தப் பிராணியும் இப்போது பதிப்பகத்தின் சொத்து!

இந்த வேலையில் இறங்குபவர்கள், உரிமம் பற்றிய பதிலை டெவலப்பரிடமே எழுத்தில் வாங்கிவிடுங்கள். வெட்டி எறியப்படும் சொற்களுக்குக் கூலி உண்டா என்றும் ஒப்பந்தத்தில் பாருங்கள். எனக்கு இறுதிப் பிரதிக்கு மட்டுமே கிடைத்தது. டிஸ்பிளேசர் பீஸ்டேதான் வேண்டும் என்பவர்கள் விஸார்ட்ஸ் அனுமதியோடு இயங்கும் டன்ஜன் மாஸ்டர்ஸ் கில்ட் என்ற இணைய விற்பனைத் தளத்தில் வெளியிடலாம். அங்கே அதற்குத் தடையில்லை, விற்பனையில் பாதி எழுதியவருக்கு.