இரண்டு பஸ் சேர்ந்து வந்தால் யாருக்கு லாபம்?

அரை மணி நேரம் ஒன்றுகூடக் கிடையாது. பிறகு ஒரே தட எண்ணில் இரண்டு, ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. முன்னால் வருவதில் படிக்கட்டு வரை ஆட்கள். பின்னால் வருவதில் ஜன்னலோர இருக்கைகள்கூடக் காலி. நிறுத்தத்தில் நிற்பவர்கள் உடனே ஓட்டுநரைத் திட்டத் தொடங்குகிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை.

முதல் பஸ் ஒரு சிக்னலில் சற்றுச் சிக்கிக்கொள்கிறது. அதற்குள் அடுத்த நிறுத்தத்தில் நாலு பேர் கூடுதலாகச் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் ஏறி முடிக்க மேலும் தாமதம். அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் பெரிய கூட்டம். பின்னால் வருவதற்கோ ஏற்ற ஆளே இல்லை, விறுவிறுவென்று வந்து ஒட்டிக்கொள்கிறது. நியூவெல், பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1964-லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். எல்லோரும் ஒழுங்காக வேலை பார்த்தாலும் இடைவெளி தானாகக் குலையும்.

10 நிமிடத்துக்கு ஒன்று சீராக வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக 5 நிமிடம் நிற்பார். அதே பஸ்கள் ஜோடி சேர்ந்து 20 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் 10 நிமிடம். வண்டியும் அதே, டீசலும் அதே, கால் வலி மட்டும் இரட்டிப்பு. அறிக்கையிலோ மணிக்கு 6 நடை குறையாமல் ஓடியிருக்கும்! லண்டனில் அடிக்கடி பஸ் ஓடும் தடங்களில் இந்த ஏமாற்று எடுபடாது. சீராக வந்திருந்தால் காத்திருக்க வேண்டிய நேரத்தைவிட எவ்வளவு கூடுதலாகக் காத்திருக்க நேர்ந்தது என்பதையே அங்கே அளக்கிறார்கள்.

புதிய பஸ் வாங்குவதற்கு முன் செய்யக்கூடியவை இருக்கின்றன. எல்லாக் கதவுகளிலும் ஏற விடலாம். சான் பிரான்சிஸ்கோ 2012-இல் நகரம் முழுவதும் அப்படிச் செய்தது. பஸ்ஸுக்குத் தனித்தடம் ஒதுக்கலாம், காவல் இருந்தால். என்னைக் கேட்டால், முதலில் கவனிக்க வேண்டியது முனையத்தில் கிடைக்கும் ஓய்வு நேரம். தாமதமாக வந்த பஸ் அடுத்த நடையைச் சரியான நேரத்தில் தொடங்க அந்தச் சில நிமிடங்கள்தான் கைகொடுக்கின்றன. சிக்கனம் என்றதும் முதலில் வெட்டப்படுவதும் அவைதான். முகம் கழுவப் போன ஓட்டுநரை விசிலடித்துக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொன்னதைப் பார்த்திருக்கிறேன். கழுத்தில் ஈரம் காயாமலே வந்து ஏறினார்.

நேரத்துக்கு முந்தி ஓடும் பஸ்ஸை நடுவழியில் ஒரு நிமிடம் நிறுத்தி வைப்பதும் பலன் தரும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு எரிச்சல் வரும்தான். ஏன் நிற்கிறோம் என்று நடத்துநர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாதி முணுமுணுப்பு அடங்கிவிடும். ஜிபிஎஸ் பொருத்திய பஸ்களில் முன்னால் போவது எவ்வளவு தூரத்தில், பின்னால் வருவது எவ்வளவு தூரத்தில் என்பது கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியும். அந்த இரண்டு எண்களை ஓட்டுநரின் கண்ணெதிரேயும் காட்டட்டும்.