ஓமாகயாஸ் வளர்ந்த தீவில்

பேஃபீல்டு துறையிலிருந்து மேடலின் தீவுக்குப் படகில் அரை மணி நேரம்கூட ஆகாது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கு விளிம்பில், சுப்பீரியர் ஏரிக்குள் 20 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது இந்தத் தீவு. கோடையில் பாய்மரப் படகுக்காரர்களும் சைக்கிள்காரர்களும் வருகிறார்கள். நானும் என் மகளும் போனது ஒரு கதைக்காக.

அமெரிக்க எழுத்தாளர் லூயீஸ் எர்ட்ரிக் 1999-இல் எழுதிய 'தி பர்ச்பார்க் ஹவுஸ்' நாவல், 1847-இல் இங்கே தொடங்குகிறது. வட அமெரிக்கப் பழங்குடியினரான ஒஜிப்வே மக்களைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுமி ஓமாகயாஸின் ஓராண்டு வாழ்க்கைதான் கதை. கோடையில் பிர்ச் மரப்பட்டை வேய்ந்த குடில், குளிரில் மரக்கட்டை வீடு, வசந்தத்தில் மேப்பிள் சாறு காய்ச்சும் காடு. பாட்டி நோகோமிஸ் மூலிகை சொல்லித் தருகிறாள். தம்பி பிஞ்ச் எரிச்சலூட்டுகிறான். கைக்குழந்தைத் தம்பி நீவோதான் அவளுக்கு உயிர். எர்ட்ரிக்கின் தாயும் தங்கையும் குடும்ப வரலாற்றைத் தேடியபோது, முன்னோர் இதே தீவில் வாழ்ந்திருப்பது தெரியவந்தது. அந்தத் தேடல்தான் இந்த நூலுக்கு வித்து.

கதையின் முடிச்சை இனி அவிழ்க்கப் போகிறேன். நூலைப் படிக்க நினைப்பவர்கள் அடுத்த இரண்டு பத்திகளையும் கடைசிக்கு முந்தைய பத்தியையும் தாண்டிவிடலாம்.

குளிர்காலத்தில் ஊருக்குள் பெரியம்மை நுழைகிறது. வீட்டில் ஒவ்வொருவராகப் படுக்கையில் விழுகிறார்கள். நீவோ இறந்துபோகிறான். ஓமாகயாஸை மட்டும் நோய் தொடவில்லை. பாட்டியோடு சேர்ந்து எல்லோருக்கும் பணிவிடை செய்கிறாள். நோய் அவளை ஏன் தொடவில்லை என்று கடைசியில் ஓல்டு டாலோ என்னும் முரட்டுக் கிழவி சொல்கிறாள். வேறொரு தீவில் பெரியம்மை எல்லோரையும் கொன்றுபோட, தனியே உயிரோடு கிடந்த குழந்தைதான் ஓமாகயாஸ்; ஒருமுறை அந்த நோயிலிருந்து பிழைத்தவளை அது மறுபடி தொடவில்லை. அந்தக் கிழவிதான் தேடிப் போய்த் தூக்கிவந்து இந்தக் குடும்பத்தில் சேர்த்திருக்கிறாள்.

"அப்படியானால் அவர்கள் அவளுடைய சொந்த அம்மா, அப்பா இல்லையா?" என்று மகள் கேட்டாள். இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனால் அவர்கள்தான் அம்மா, அப்பா" என்றாள். அவள் சொன்னதில்தான் இந்த நாவலின் உயிர் இருக்கிறது. பருவமெய்தும் கதைகள் பலவற்றில் பிள்ளை வீட்டை விட்டு வெளியேறித்தான் ஆளாகிறது. ஓமாகயாஸோ தன்னை எடுத்து வளர்த்தவர்களைத் தன் கையால் காப்பாற்றிய பிறகுதான், தான் எடுத்து வளர்க்கப்பட்டவள் என்பதை அறிகிறாள். தாங்கும் வலு வந்தபின் உண்மையைச் சொன்ன அந்தக் கிழவியின் அறிவு என்னை அசைத்துவிட்டது.

தீவில் உள்ள லா பாயின்ட் கிராமத்து அருங்காட்சியகம் பழைய மரக்கட்டைக் கட்டடங்களை ஒன்றிணைத்து எழுப்பியது. அவற்றில் ஒன்று விலங்குகளின் உரோமத்தோல் விற்ற வணிகக் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்ததாம். அங்கே நாங்கள் அதிக நேரம் இருக்கவில்லை. படகுத்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒஜிப்வே இடுகாட்டில்தான் கால்கள் நின்றுவிட்டன. சில கல்லறைகளின் மேல் தாழ்வான சிறு மரவீடுகள். நாங்கள் வேலிக்கு வெளியிலேயே நின்றோம். பஃபலோ என்று ஆங்கிலத்தில் அறியப்பட்ட தலைவர் கெச்சேவைஷ்கே 1855-இல் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் கதையை மகளுக்கு அங்கேயே சொன்னேன். 1850-இல் ஒஜிப்வே மக்களை இந்த மண்ணை விட்டு வெளியேற்ற ஆணை வந்தது. அமெரிக்க அரசு செய்த ஒப்பந்தப்படி லா பாயின்ட்டில் தரவேண்டிய பணத்தையும் பொருள்களையும் அதிகாரிகள் தொலைவில் உள்ள சாண்டி லேக்குக்கு மாற்றினார்கள். அங்கே வந்தவர்களைக் குளிர் வரும்வரை காக்கவைத்தார்கள். கொடுத்த உணவும் கெட்டுப்போனது. அங்கும் திரும்பும் வழியிலுமாக ஏறத்தாழ 400 பேர் இறந்தார்கள். 1852-இல், 90 வயதைக் கடந்த பஃபலோ மரப்பட்டைப் படகில் புறப்பட்டு, பிறகு நீராவிக் கப்பலும் ரயிலும் ஏறி வாஷிங்டன் போய், ஜனாதிபதி ஃபில்மோரைச் சந்தித்து, ஆணையைத் திரும்பப் பெறவைத்தார். 1854 ஒப்பந்தத்தில் ரெட் கிளிஃப், பேட் ரிவர் போன்ற இடங்கள் அம்மக்களுக்கு உறுதியாயின.

இன்றும் அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். பேஃபீல்டுக்குச் சற்று வடக்கே ரெட் கிளிஃப். எதிர்க்கரையில் பேட் ரிவர். பேட் ரிவரின் ககாகன் சதுப்பு நிலத்தில் மனோமின் என்னும் காட்டரிசி விளைகிறது. தண்ணீரில் உணவு விளையும் இடத்தைத் தேடிப் போங்கள் என்ற வாக்கை நம்பித்தான் முன்னோர் கிழக்கிலிருந்து இங்கு வந்தார்கள் என்பது ஒஜிப்வே மரபு. இந்தத் தீவின் வடகிழக்கு முனையிலும் பேட் ரிவர் மக்களுக்கு நிலம் உண்டு.

வெளியேற்றத்தின் நிழல் ஓமாகயாஸ் கதை வரிசையில் எர்ட்ரிக் எழுதிய இரண்டாவது நூலான 'தி கேம் ஆஃப் சைலன்ஸ்' முழுக்க விழுகிறது. அதன் தொடக்கத்தில், ஊரை இழந்தவர்கள் பசியோடு படகுகளில் இந்தத் தீவுக்கு வந்து சேர்கிறார்கள். அவர்களோடு வந்த தாயற்ற குழந்தை ஒன்றை ஓமாகயாஸின் வீடு ஏற்றுக்கொள்கிறது. முன்பு ஒரு குழந்தைக்குத் திறந்த கதவு இன்னொன்றுக்கும் திறக்கிறது. இம்முறை உள்ளே நின்று வரவேற்பவள் அவள்.

வரிசையில் மொத்தம் ஐந்து நூல்கள். வரிசை மாறாமல் படியுங்கள்; முதலாவதைப் படகு ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.