ஆல்பர்ட்டை அழித்துப் பாருங்கள்

என் மேஜை டிராயரில் இரண்டு வம்சாவளிப் படங்கள் எப்போதும் இருக்கும். ஒன்று ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்துடையது, இன்னொன்று விக்டோரியா மகாராணியுடையது. மதுரைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் மரபணு ஆலோசகராக வேலை பார்ப்பவளுக்கு ஐரோப்பிய ராஜாக்களின் கல்யாண விவரம் எதற்கு என்று புதிதாக வருகிற பயிற்சி மாணவர்கள் கேட்பார்கள். அந்த இரண்டு படங்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால் நான் செய்த ஒரு தவறு இருக்கிறது, அதைச் சொன்னால்தான் பதில் முழுசாகும்.

எங்கள் வேலையில் பாதி, வீட்டுக் கதை கேட்பதுதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் அம்மா யார், அப்பா யார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், சின்ன வயதில் இறந்தவர்கள் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு பென்சிலால் வரைவோம். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம், நோய் இருந்தால் உள்ளே கறுப்பு. கணவன் மனைவி சொந்தம் என்றால் இருவருக்கும் நடுவே இரட்டைக் கோடு. எங்கள் ஊர்ப் படங்களில் இந்த இரட்டைக் கோடு அடிக்கடி வரும்.

வேலையில் சேர்ந்த புதிதில் விழிப்புணர்வு முகாமுக்கு ஒரு போஸ்டர் தயாரிக்கச் சொன்னார்கள். நான் விக்டோரியாவின் படத்தைப் பெரிதாக வரைந்தேன். விக்டோரியா 1840இல் மணந்த ஆல்பர்ட் அவருடைய தாய்மாமன் மகன், நம் பேச்சில் சொன்னால் முறைப்பையன். அந்த இரட்டைக் கோட்டுக்குக் கீழே ஒன்பது பிள்ளைகள், அவர்களுக்குக் கீழே ஐரோப்பா முழுக்கப் பரவிய பேரன் பேத்திகள், ஆங்காங்கே, அடிபட்டால் ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபீலியா என்ற நோய்க்கான கறுப்புச் சதுரங்கள். மேலே சிவப்பு எழுத்தில் "சொந்தத்தில் திருமணம்: விளைவுகள்" என்று தலைப்பு. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அது நடைபாதைச் சுவரில் ஏறி ஏழெட்டு மாதம் அங்கேயே இருந்தது.

வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்த மூத்த மருத்துவர் ஒருவர்தான் அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். என் மேஜையில் கிடந்த பென்சில் நகலை எடுத்து, ரப்பரை என் கையில் கொடுத்தார். "இந்த ஆல்பர்ட்டை அழிம்மா. அங்கே சம்பந்தமே இல்லாத யாரையாவது போடு. இப்போ சொல்லு, ராணியோட மகன் லியோபோல்டுக்கு நோய் வருமா வராதா?"

அழித்தேன். இரட்டைக் கோட்டை ஒற்றைக் கோடாக்கினேன். கீழே இருந்த கறுப்புச் சதுரங்களில் ஒன்றைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. பாடப் புத்தகத்தில் எத்தனையோ முறை படித்ததுதான். ஹீமோஃபீலியா மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, ஆண் பிள்ளைக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும், அப்பா யாராக இருந்தாலும் அவர் தன் மகனுக்குக் கொடுப்பது ஒய். விக்டோரியா ஒரு மீனவரைக் கட்டியிருந்தாலும் அவர் மகன்களுக்கு நோய் வரும் வாய்ப்பு அதே சரிபாதிதான். அது தெரிந்திருந்தும் இரட்டைக் கோட்டையும் கறுப்புச் சதுரத்தையும் ஒரே தாளில் பார்த்ததும் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று என் மனம் முடிவு கட்டிவிட்டது. அன்றைக்கே போஸ்டரைக் கழற்றினேன். ஆனால் அந்த ஏழெட்டு மாதத்தில் அந்த நடைபாதையில் எத்தனை அம்மாக்கள் மடியில் பிள்ளையோடு உட்கார்ந்து அதைப் படித்திருப்பார்கள் என்ற நினைப்பு இன்றுவரை என்னை விடவில்லை.

விக்டோரியாவுக்கு முன்னால் அந்தக் குடும்பத்தில் இந்த நோய் இருந்ததற்குத் தடயம் கிடையாது. அவர் பிறந்தபோது அப்பாவுக்கு 51 வயது, அந்த விந்தணுவிலேயே மரபணு புதிதாகப் பிசகியிருக்கலாம் என்பதுதான் பலருடைய கணிப்பு. மகன் லியோபோல்ட் 1884இல் பிரான்ஸின் கான் நகரில் கீழே விழுந்து அடிபட்டு 30 வயதில் இறந்தார். மகள்கள் ஆலிஸும் பீயட்ரிஸும் கேரியர்கள், அதாவது தங்களுக்கு நோயில்லாமல் அந்த மரபணுவை மட்டும் சுமந்தவர்கள். ஆலிஸின் இரண்டு வயது மகன் பிரெடரிக் 1873இல் ஜன்னலிலிருந்து விழுந்து, ரத்தம் நிற்காமல் அன்றே போய்விட்டான். ஆலிஸின் மகள் ஐரீன் பிரஷ்யாவுக்கு வாழ்க்கைப்பட்டு இரண்டு மகன்களுக்கு நோயைக் கொடுத்தார். இன்னொரு மகள் அலிக்ஸ் ரஷ்யாவின் இரண்டாம் நிக்கோலஸை மணந்தார், 1904இல் பிறந்த அவர்கள் ஒரே மகன் அலெக்ஸிக்கும் இதுவே. பீயட்ரிஸின் மகள் விக்டோரியா யூஜினி 1906இல் ஸ்பெயின் மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்ஸோவை மணந்தார், அங்கே இரண்டு மகன்களுக்கு நோய். மூத்தவர் 1938இலும் கடைசிப் பிள்ளை 1934இலும் கார் விபத்துக்குப் பிறகு நிற்காத ரத்தப்போக்கில் இறந்தார்கள்.

அரச வீடுகள் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்ததால் இந்த நோய் அரண்மனை அரண்மனையாகப் போனது, அது உண்மை. பெண் போன இடமெல்லாம் போனது, அவ்வளவுதான். ஐரீன் கட்டியது சொந்தப் பெரியம்மா மகனை, அந்த இடத்திலும் இரட்டைக் கோடு உண்டு, ஆனால் அவர் பிள்ளைகளுக்கு வந்தது கணவர் வழியாக அல்ல. நோயுள்ள ஆண் கேரியராக இருக்கும் உறவுப் பெண்ணைக் கட்டினால் மகளுக்கே நோய் வரலாம், அந்த ஒரு நிலைமையில் மட்டும் சொந்தம் என்பது கணக்கில் வரும். விக்டோரியாவின் வம்சத்தில் அப்படி ஒன்று நடக்கவில்லை.

ஸ்பெயின் ராணியின் கதைதான் என்னை அதிகம் உலுக்கியது. பிள்ளைகளின் நோய் தெரிந்த பிறகு மன்னர் மனம் மனைவியிடமிருந்து விலகிவிட்டது, 1931இல் நாட்டை விட்டு வெளியேறிய பின் இருவரும் பிரிந்தே வாழ்ந்தார்கள். இதே விலகலை, கணவன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்காருவதை, என் அறையில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்.

சரி, அப்படியானால் சொந்தத்தில் கட்டுவதால் ஒன்றும் ஆகாதா என்று கேட்டால், அதற்குத்தான் இரண்டாவது படம்.

ஹாப்ஸ்பர்க் படத்தை முதன்முறை நானே வரைந்தபோது தாள் பற்றவில்லை. ஆட்கள் அதிகம் என்பதால் இல்லை. ஒரே ஆளை இரண்டு இடத்தில் போட வேண்டியிருந்தது. இரண்டாம் ஃபிலிப் 1570இல் நான்காவதாக மணந்தது தன் தங்கை மகள் ஆனாவை. அவர் பேரன் நான்காம் ஃபிலிப் 1649இல் மணந்ததும் தங்கை மகள்தான், பெயர் மரியானா, வயது 14. மாப்பிள்ளைக்கு 44. மரியானாவை முதலில் பேசி வைத்திருந்தது ஃபிலிப்பின் மகன் பல்தசார் கார்லோஸுக்கு, அத்தை மகள் என்ற முறையில். பையன் 1646இல் இறந்துவிட, மருமகளாக வர வேண்டியவளை அப்பாவே கட்டிக்கொண்டார். இவர்களுக்குப் பிறந்த இரண்டாம் கார்லோஸுக்கு அம்மாவே அத்தை மகள், அம்மாவைப் பெற்ற பாட்டி அப்பாவுக்குத் தங்கை என்பதால் அத்தையும் அவரே. கார்லோஸின் அக்கா மார்கரீட்டாவை 1666இல் கட்டியவர் ஆஸ்திரியாவின் முதலாம் லியோபோல்ட், சொந்தத் தாய்மாமன். வேளாஸ்குவேஸின் புகழ்பெற்ற ஓவியத்தில் பளபளக்கும் கவுனோடு நடுவில் நிற்கிற குட்டிப் பெண் இவள்தான்.

நமக்கு இந்த முறைகளெல்லாம் பழகிய வார்த்தைகள், ஆனால் கத்தோலிக்கத் திருச்சபை இப்படிப்பட்ட திருமணத்தைத் தடை செய்திருந்தது, ஒவ்வொன்றுக்கும் போப்பிடம் தனி அனுமதி வாங்கினார்கள். ராஜ்யம் வெளியே போகக் கூடாது, கத்தோலிக்க வீடாக இருக்க வேண்டும், அந்தஸ்திலும் சமமாக இருக்க வேண்டும். இத்தனையும் பார்த்தால் சொந்த வீட்டைத் தவிர வேறு வீடு மிஞ்சவில்லை.

2009இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் இந்த வம்சத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் ஒரே முன்னோரின் ஒரே மரபணுப் பிரதி பிள்ளைக்கு வந்து சேரும் வாய்ப்பு, ஸ்பெயினில் இந்த வம்சத்தைத் தொடங்கிய முதலாம் ஃபிலிப்புக்கு 0.025 இருந்தது. இரண்டாம் கார்லோஸுக்கு 0.254. வேறு உறவுக் கலப்பே இல்லாத குடும்பத்தில் தாய்மாமனைக் கட்டினால் 0.125, கூடப் பிறந்தவர்களுக்குள் பிள்ளை பிறந்தால் 0.25. அதாவது ஒரு தலைமுறையில் கட்டியது இல்லை, தலைமுறை தலைமுறையாக அதே குடும்பத்துக்குள் கட்டியது சேர்ந்து வந்து நின்ற இடம் அது. கார்லோஸுக்குப் பேச்சும் நடையும் தாமதமாக வந்தன, இரண்டு மனைவிகளிடமும் வாரிசு இல்லை, 39 வயது நிறைய ஐந்து நாள் இருக்கும்போது 1700இல் இறந்தார், அடுத்த வருடமே அவர் சிம்மாசனத்துக்காக ஐரோப்பா போருக்குப் போனது. 1527இலிருந்து 1661 வரை அந்த அரச வீட்டில் பிறந்த 34 குழந்தைகளில் பாதிப் பேர் பத்து வயதைத் தாண்டவில்லை.

"எங்க தாத்தா பாட்டியும் சொந்தம்தான் மேடம், நல்லாத்தானே இருந்தாங்க" என்று சொல்பவர்களுக்கு இந்தப் படத்தைத்தான் எடுப்பேன். பயமுறுத்த அல்ல. மார்கரீட்டாவையும் கார்லோஸையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவேன். ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே 0.254. மார்கரீட்டா 21 வயதில் இறந்தாலும் தம்பிக்கு இருந்த கோளாறுகள் அவருக்கு இல்லை. மறைந்து கிடக்கும் ஒரு குறை இரண்டு பக்கமும் இருந்து வந்து சேர்ந்தால்தான் வெளியே தெரியும், அது ஒரு பிள்ளைக்குச் சேரும், இன்னொன்றுக்குச் சேராது. தலசீமியா என்ற ரத்தசோகை நோய், பிறவிக் காது கேளாமை இவற்றில் பல வகைகள் இப்படித்தான். இங்கே சொந்தம் முக்கியம். ஹீமோஃபீலியாவில் முக்கியமில்லை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லக் கூடாது என்பதை நான் கற்றுக்கொள்ள ஒரு போஸ்டர் தேவைப்பட்டது.

போஸ்டரைக் கழற்றி சில வருடம் கழித்து ஒரு குடும்பம் வந்தது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மூன்று வயதுப் பையன், ஹீமோஃபீலியாவால் முழங்கால் வீங்கி, ஃபேக்டர் என்ற ரத்தம் உறைய உதவும் புரதத்தை ஊசியாகப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். அம்மா கட்டியது தாய்மாமனை, அதனால் அவளுக்கு மாமியாரும் அம்மாச்சியும் ஒரே ஆள். அந்தப் பாட்டிதான் பேசினார். "நாந்தான் தாயி புடிவாதமா கட்டி வச்சேன். சொத்து வெளிய போயிரக் கூடாதுன்னு. ரத்தம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஆனதால புள்ளைக்கு இப்படி ஆயிருச்சுன்னு ஊரே சொல்லுது."

நான் விக்டோரியா படத்தை எடுத்து மேஜையில் விரித்தேன். ராணி யார், கட்டியது யாரை என்று சொன்னேன். மாமன் மகனா என்று கேட்டுவிட்டு ஆல்பர்ட்டின் சதுரத்தில் விரலை வைத்தார். ரப்பரை எடுத்து அழித்துக் காட்டினேன், மூத்த மருத்துவர் எனக்குக் காட்டிய மாதிரியே. கறுப்புச் சதுரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "அப்ப எம்மவனால வரலையா?" இல்லை பாட்டி என்றேன்.

அலிக்ஸுடைய வட்டத்தையும் காட்டினேன். ரஷ்யாவில் யெகாத்தரின்பர்க் அருகே 1991இல் தோண்டியெடுத்த எலும்புகள், புரட்சிக்குப் பின் கொல்லப்பட்ட அலிக்ஸ் குடும்பத்தினுடையவைதான் என்று உறுதி செய்ய, அலிக்ஸின் அக்கா மகள் வயிற்றுப் பிள்ளையான பிரிட்டன் இளவரசர் ஃபிலிப் ரத்தம் கொடுத்தார், தாய் வழியாக மட்டுமே போகிற மரபணு இருவருக்கும் ஒத்துப்போனது. மகன் அலெக்ஸியின் எலும்பு 2007இல்தான் கிடைத்தது. அதே 2009இல், அந்த எலும்புகளிலிருந்து, நோய் ஃபேக்டர் 9 வகை என்றும் தெரிந்தது. உங்கள் பேரனுக்கும் ஃபேக்டர் 9தான் குறைவு, அதனால்தான் எந்த ஊசி என்று கவனமாகப் பார்க்கிறோம் என்றேன்.

பாட்டி ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிரெடரிக்கின் சின்னச் சதுரத்தைக் காட்டி இது எத்தனை வயசு என்று மட்டும் கேட்டார். இரண்டு என்றேன். "எனக்கும் மூத்தது ஒண்ணு இருந்துச்சு. பல்லு ஆடி விழுந்த எடத்துல ரத்தம் நிக்கல. ராத்திரி பூரா துணிய மாத்தி மாத்தி வச்சேன். யாரும் கேக்கல, நானும் சொல்லல."

அவர்கள் குடும்பப் படத்தில் பாட்டிக்குக் கீழே ஒரு சதுரம் வரைந்து, குறுக்கே கோடு போட்டேன். உள்ளே கறுப்படிக்கும்போது அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் விக்டோரியாவின் மகள்கள் பக்கம் திரும்பி, ஆலிஸ், பீயட்ரிஸ் என்று நான் சொன்ன வட்டங்களை எண்ணினார். பிறகு தன் விரலை மடக்கி மடக்கித் தன் மகள்களை எண்ணினார்.

"நாலு பொண்ணு தாயி. கடைசியானவளுக்குத் தை மாசம் கல்யாணம். அவளை எப்பக் கூட்டிட்டு வரட்டும்?"